ஆடாத ஆட்டத்துக்கு ரேட்டிங் இல்லை



ஆர்பிட்டர் தேர்வில் தேறியதற்கு வாழ்த்துகள். ராசிபுரத்தில் நடக்கும் ரேட்டிங் செஸ் போட்டிக்குத் துணை நடுவராகப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். கடிகாரம், தொட்ட காய் விதி எல்லாம் நீ படித்ததுதான். நான் எழுத வந்தது ரிசல்ட் பதிவைப் பற்றி மட்டும்.

முதல் சுற்றிலேயே ஒருவர் வராமல் போவார். எதிரே காத்திருந்த பத்து வயதுப் பையனுக்கு ஒரு புள்ளி கொடுப்பாய், அது நியாயம். ஆனால் வாக்ஓவர் என்று குறிக்காமல் அவசரத்தில் 1–0 என்று தட்டிவிட்டால் அது ஆடிய ஆட்டமாகிவிடும். ஆடாத ஆட்டத்துக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே ரேட்டிங் தருவதில்லை. இருவரும் 1600 என்று வைத்துக்கொள். ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் கே எண் பையனுக்கு 40, சமமானவரை வென்றால் அதில் பாதி, 20 ஏறும். வராதவர் பெரியவர், அவருக்குக் கே 20, ஆகவே 10 இறங்கும். திருச்செங்கோட்டில் தன் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்த மனுஷன், ஆடாமலே தோற்றவர் ஆகிறார்.

நீ லாரிக்காரர் வீட்டுப் பிள்ளை. எடைமேடைச் சீட்டில் டிரைவர் கேட்ட எடையை அடித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பணம் கொடுப்பவன் வேறு ஊரில் இருப்பான். ரேட்டிங்கும் அப்படித்தான் பயணம் போகிறது. ராசிபுரத்தில் ஏறிய பொய்ப் புள்ளியை வைத்துத்தான் அடுத்த மாதம் சேலத்தில் ஒரு பெண்குழந்தையின் வெற்றிக்கு விலை போடுவார்கள்.

இதைவிடச் சிக்கலானது வேண்டுமென்றே தோற்பது. 1600-க்குக் கீழ் உள்ளவர்களுக்கென்று ரொக்கப் பரிசுப் போட்டிகள் நம் பக்கம் ஏராளம். 2024 மார்ச் 1 அன்று ஃபிடே 2000-க்குக் கீழ் இருந்தவர்களின் ரேட்டிங்கை உயர்த்தி, அடிமட்டத்தை 1000-லிருந்து 1400 ஆக்கியது. பழைய 1200 இப்போது 1520. ஆகவே அந்தப் பிரிவு முழுக்க 1400-க்கும் 1600-க்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கிறது. 1615-இல் இருப்பவர் தனக்குச் சமமான இருவரிடம் தோற்றால் போதும், கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார். பிறகு பரிசு அவருக்கு. நிஜமாகவே 1550-இல் ஆடும் பையனுக்கு டீச்செலவுகூட மிஞ்சாது.

கோல்ஃப்காரர்களுக்கு இந்தத் தலைவலி பழகியது. அங்கே ஆடியவரே ஸ்கோரைப் பதிய வேண்டும். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் கடைசி 20 ஸ்கோர்களில் சிறந்த 8 மட்டும் கணக்கு. நன்றாக ஆடிய நாளை மறைத்தால் ஹேண்டிகேப் உயர்ந்து லீக்கில் கூடுதல் சலுகை கிடைக்கும். அதனால் ஓராண்டின் மிகக் குறைந்த எண்ணிலிருந்து 5-க்கு மேல் உயராதபடி பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஃபிடே ரேட்டிங் 1400 வரை தாராளமாகச் சரியலாம். இங்கே பூட்டு நீதான்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் கையெழுத்திட்ட முடிவு, தவறாக இருந்தாலும் அதுவே நிற்கும். நடுவர் வேறு முடிவெடுத்தால் ஒழிய. ஃபிடே செஸ் சட்டத்தின் 8.7 பிரிவு சொல்வது இது. அந்த “ஒழிய”வை விட்டுவிடாதே. கடைசிச் சுற்றில் நாலு நகர்த்தலில் தோல்வி ஒத்துக்கொள்பவரின் ஸ்கோர்ஷீட்டைக் கேட்டு வாங்கு. ஆதாரமில்லாமல் யாரையும் குற்றம் சொல்லாதே, பயத்தில் தோற்கும் பிள்ளைகளும் உண்டு. சந்தேகத்தைத் தலைமை நடுவரிடம் சொல், எழுதியும் கொடு.

இன்னொரு ஆபத்து, ஒரே கூட்டம் தங்களுக்குள்ளேயே ஆடுவது. கிளாட் பிளட்குட் என்று ஒரு சிறைக்கைதி இருந்தார். வர்ஜீனியாவில் பெரும்பாலும் சக கைதிகளோடு ஆடி ஆடி, 1996-இல் 2702 எட்டி அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வந்தார். மோசடி என்றார்கள், இல்லை என்றார் அவர். எப்படியானாலும், வெளியாள் கலக்காத கூட்டத்தில் எண் வீங்கும். ஒரே கோச்சிங் சென்டர் பிள்ளைகள் பத்துப் பேரை வைத்துப் போட்டி நடத்தித் தரும்படி உன்னிடமும் வருவார்கள். நான் உன் இடத்தில் இருந்தால் மாட்டேன் என்பேன்.

அப்பாக்கள் கெஞ்சுவார்கள், “சார், ட்ரான்னு போட்டுக்குங்க” என்பார்கள். மரியாதையாகப் பேசி அனுப்பு. ஞாயிறு மாலை எல்லோரும் மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லி அவசரப்படுத்தும்போது, ரேட்டிங் கோப்பை அனுப்பும் முன் வாக்ஓவர் ஆட்டங்களை மட்டுமாவது ஒவ்வொரு சுற்றாக இன்னொரு முறை சரிபார்த்துவிடு, தம்பி.