912-க்குள் மறைந்திருந்த 935

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் உலகெங்கும் மனநல வல்லுநர்கள் பலர் ஓர் அச்சத்தை வெளியிட்டார்கள். கொரோனாவைத் தொடர்ந்து தற்கொலைகளும் பெருகும் என்பதே அது. வேலையிழப்பு, கடன், துக்கம், தனிமை எல்லாம் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் நுழையும்போது அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் கணக்குகள் வரத் தொடங்கியபோது விடை அவ்வளவு நேராக இல்லை.

21 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2021-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்தது. பெருந்தொற்றின் முதல் சில மாதங்களில் தற்கொலைகள் எதிர்பார்த்த அளவைத் தாண்டவில்லை என்றும், சில இடங்களில் குறைந்தே இருந்தன என்றும் அது காட்டியது. அமெரிக்காவில் 2019-இல் 47,511 ஆக இருந்த எண்ணிக்கை 2020-இல் 45,979 ஆகக் குறைந்து, 2021-இல் 48,183 ஆக மீண்டும் ஏறியது. பேரிடரின் தொடக்கத்தில் மக்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதும், அரசின் உதவி உடனே வந்து சேர்வதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெள்ளம் வந்த வாரத்தில் தெருவே ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடும். சிலர் வீட்டில் உலை கொதிக்காமல் போவது மூன்று மாதம் கழித்துத்தான். அந்த 21 நாடுகளில் பெரும்பாலானவை வசதியான நாடுகள் என்பதையும், இந்தியா அவற்றில் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்த ‘மூன்று மாதம் கழித்து’ என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது ஜப்பான். அங்கே தற்கொலை விவரங்கள் மாதந்தோறும் வெளியாகின்றன. 2003-இல் 34,427 என்ற உச்சத்தைத் தொட்ட எண்ணிக்கை, தொடர் முயற்சிகளால் 2019-இல் 20,169 ஆக இறங்கியிருந்தது. 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை அது மேலும் சுமார் 14 விழுக்காடு குறைந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன, அலுவலக நேரம் சுருங்கியிருந்தது, ஒவ்வொருவருக்கும் அரசு ஒரு லட்சம் யென் வழங்கியது. ஜூலை முதல் அக்டோபர் வரையோ நிலைமை தலைகீழானது. சுமார் 16 விழுக்காடு கூடியது. ஆண்டு முடிவில் மொத்தம் 21,081.

அதாவது முந்தைய ஆண்டைவிட 912 அதிகம். விழுக்காட்டில் 4.5. செய்தியாகப் படித்தால் ‘சற்றே உயர்வு’ என்று கடந்துபோகலாம். ஆனால் அந்த 912-ஐப் பிரித்துப் பாருங்கள். ஆண்கள் 14,078-இலிருந்து 14,055 ஆனார்கள், 23 குறைவு. பெண்கள் 6,091-இலிருந்து 7,026 ஆனார்கள்; 935 அதிகம், 15 விழுக்காட்டுக்கும் மேல். கூடுதல் சுமை முழுவதும் ஒரு தரப்பின் மேல் விழுந்திருக்கிறது. ஓட்டல், கடை, விடுதி போன்ற இடங்களில் நிரந்தரமில்லாத வேலை செய்தவர்களில் பெண்களே அதிகம். முதலில் வேலை போனதும் அவர்களுக்குத்தான். வீட்டில் குழந்தைகளையும் முதியோரையும் கவனிக்கும் வேலையும் அவர்கள் தலையிலேயே ஏறியது.

நாம் நின்று பார்க்க வேண்டிய இன்னொரு எண், மாணவர்கள். தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலை வரை படிப்போரில் 2019-இல் 399 ஆக இருந்தது 2020-இல் 499 ஆனது. படிப்பில் பின்தங்கியது, அடுத்து என்ன படிப்பது என்ற கவலை, பெற்றோருடன் பிணக்கு ஆகியவை முதன்மைக் காரணங்களாகப் பதிவாயின. ஜப்பானில் ஏற்கெனவே தெரிந்த ஒரு விவரம் உண்டு. 1972 முதல் 2013 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, 18 வயதுக்குட்பட்டோர் தற்கொலை மிகுதியாக நிகழ்ந்த நாள் செப்டம்பர் 1 என்று தெரிந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் அது. ஆபத்து பள்ளி மூடியபோது மட்டும் இல்லை, திறக்கும்போதும் இருக்கிறது.

இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2019-இல் 1,39,123 பேர், 2020-இல் 1,53,052 பேர், 2021-இல் 1,64,033 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மாணவர்கள் மட்டும் 10,335-இலிருந்து 12,526, பிறகு 13,089. மொத்தம் 10 விழுக்காடு ஏறிய அதே 2020-இல் மாணவர் எண்ணிக்கை 21 விழுக்காடு ஏறியது. ஆனால் முழு ஏற்றத்தையும் கொரோனா கணக்கில் எழுதிவிட முடியாது. 2017-இலிருந்தே எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிவந்தது. பெருந்தொற்று இல்லாவிட்டால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டால்தான் அதன் பங்கு தெரியும். மேலே சொன்ன 21 நாட்டு ஆய்வு செய்ததும் அதைத்தான்.

கணித ஆசிரியர்களுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது என்று தோன்றலாம். கூட்டுத்தொகை எதை மறைக்கிறது என்பதைக் கற்பிக்க மழையளவையோ வருகைப் பதிவையோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கரும்பலகைக்கு உரியவை அல்ல, ஆசிரியர் அறைக்கு உரியவை.

நம் மாநிலத்தில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்ததும் 2021 செப்டம்பர் 1 அன்றுதான். என் வகுப்பில் அன்று வந்தவர்களை எண்ணிப் பார்த்து, பெரும்பாலோர் வந்துவிட்டார்கள் என்று நிம்மதியடைந்தேன். நானும் மொத்தத்தைத்தான் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று வாரமாக யாரிடமும் பேசாத ஒரு மாணவியை முதலில் கவனித்தது நானில்லை, சத்துணவு அமைப்பாளர் அக்கா. “அந்தப் பொண்ணு தட்டை அப்படியே வச்சிட்டுப் போகுது டீச்சர்” என்றார். அப்பாவுக்கு வேலை போய், வீட்டில் தினமும் சண்டை.

அவளிடம் நேரடியாகக் கேட்கத் தயங்கினேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. கேட்பது பெரும்பாலும் பாரத்தைக் குறைக்கும். “வாழவே பிடிக்கலைன்னு தோணுதாம்மா?” என்று தனியே, அவசரமில்லாமல் கேட்கலாம். ஆம் என்றால் திட்டவோ அறிவுரை சொல்லவோ வேண்டாம். ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். அவளைத் தனியே விடாமல் தலைமை ஆசிரியரையும், நம்பத்தகுந்த வீட்டார் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, டெலி மனஸ் 14416 அல்லது 104 எண்ணை அழைக்க வேண்டும். இரண்டும் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன, கட்டணமில்லை. ஆசிரியருக்கே பாரம் தாங்காத நாளிலும் அதே எண்தான்.