குதிரை வாலும் காதுப்பட்டியும்: கால்நடைக் காப்புறுதியில் நட்டஈடு பெறுவது எப்படி?



கடைக்குத் தீக்காப்புறுதி, லொறிக்கு வாகனக் காப்புறுதி என்று நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். ஆனால் புத்தளம், கற்பிட்டி, மதுரங்குளி பக்கங்களில் நம்மில் பலரது வீட்டுப் பின்வளவில் உயிருள்ள முதலீடும் நிற்கிறது. இரண்டு பால் மாடு, பத்து ஆடு. கடையில் கையிருப்புக் குறைகிற மாதத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் கலியாணச் செலவையும் தாங்குவது அதுதான். அந்த முதலீடு ஒரே இரவில் செத்து விழுந்தால் என்ன செய்வது? "காப்புறுதி இருக்கிறதே" என்பார்கள். காப்புறுதி இருந்தும் ஒரு சதம்கூடக் கிடைக்காமல் போன கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

இரவு வந்த தொலைபேசி அழைப்பு

என் உடன்பிறந்த தாத்தா கற்பிட்டிப் பாதையில் இருக்கிறார். கடன் எடுத்து ஒரு நல்ல பால் மாடு வாங்கியிருந்தார். கடன் கொடுத்தவர்கள் கேட்டதால் மாட்டுக்குக் காப்புறுதியும் எடுத்தார்கள். ஒரு நாள் இரவு பதினொரு மணியிருக்கும், மச்சான் எனக்குப் பேசினார்.

"தம்பி, மாடு வயிறு ஊதிக் கெடக்குது. மூச்செடுக்க ஏலாமத் தவிக்குது. என்ன செய்யிற?"

நான் யோசிக்கவே இல்லை. "மவுத்தாப் போறதுக்கு முந்தி அறுத்துடுங்க மச்சான். இறைச்சியாவது வீணாகாம இருக்கும்" என்றேன்.

அறுத்தார்கள். அக்கம்பக்கத்தில் பங்கிட்டுக் கொடுத்தார்கள். தலையையும் கழிவையும் விடியும் முன்னே புதைத்தார்கள். காலையில் காப்புறுதி முகவருக்குச் சொன்னோம். நட்டஈட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று. காரணம் மூன்று. மாடு நோயினாலோ விபத்தினாலோ இறக்கவில்லை, உரிமையாளரால் அறுக்கப்பட்டது. மிருக வைத்தியரின் அறிக்கை இல்லை. பொலிஸியில் எழுதப்பட்ட இலக்கமுள்ள காதுப்பட்டி ஒப்படைக்கப்படவில்லை.

காதுப்பட்டி தலையோடு மண்ணுக்குள் போய்விட்டது. கடனில் இன்னும் 11 தவணை பாக்கி. மாடு இல்லாமல் மாட்டின் கடனைத் தாத்தா கட்டி முடித்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆறுதலாக இருந்து பொலிஸியை வாசித்தபோதுதான் தெரிந்தது, அந்த மூன்றும் அதிலேயே எழுதப்பட்டிருந்தன. எடுத்த நாளில் நாங்கள் யாரும் வாசிக்கவில்லை. முப்பது வருடமாகக் கணக்குப் புத்தகம் எழுதுகிற நானும் வாசிக்கவில்லை.

எதிர்க்கரையில் நடந்த பழைய வியாபாரம்

மிருகத்தின் உயிருக்குப் பொறுப்பேற்பது நேற்று வந்த வழக்கமல்ல. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், நமக்கு எதிர்க்கரையில் இருக்கிறது காயல். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபிகள் மஅபர் என்று அழைத்த அந்தப் பாண்டிய நாட்டுக் கரைக்கு பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் அந்த வியாபார உடன்படிக்கையை எழுதி வைத்திருக்கிறார். கைஸ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் வருடத்துக்கு 1,400 குதிரை அனுப்ப வேண்டும். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் குதிரை காயப்பட்டாலும் செத்தாலும் அதன் விலையைப் பாண்டிய அரசனின் கருவூலம் கொடுக்கும்.

கடலில் செத்த குதிரைக்கும் காசு! வியாபாரிக்கு இதைவிட நல்ல காப்புறுதி வேண்டுமா?

ஆனால் சாட்சி என்ன? இரு நூற்றாண்டு கழித்து விஜயநகரத்தில் நடந்ததை நூனிஸ் என்ற போர்த்துக்கேயர் எழுதியிருக்கிறார். அங்கே நரசிம்மன் என்ற அரசன் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளை உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் மூன்றுக்கு ஆயிரம் பர்தாவ் என்று வாங்கினானாம். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்குரிய காசு கிடைக்கும்.

இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு.

முதலாவது, எவ்வளவு தாராளமான அரசனும் வாலைக் காட்டச் சொன்னான். வாய்ச்சொல்லுக்குக் காசு கொடுக்கவில்லை. அன்றைய வால்தான் இன்றைய காதுப்பட்டி. வாலைப் பார்த்து எந்தக் குதிரை என்று சொல்ல முடியாது. பட்டியில் இலக்கம் இருக்கிறது, அந்த இலக்கம் பொலிஸியிலும் இருக்கிறது. இந்தியாவில் கால்நடைக் காப்புறுதியில் பட்டி இல்லாவிட்டால் நட்டஈடு இல்லை என்பது ஊரறிந்த விதி.

இரண்டாவது, நட்டம் முழுவதையும் மற்றவன் தலையில் போட்டால் பராமரிப்புக் குறையும். அதே காலத்தில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அங்கே குதிரைகள் சரியான கவனிப்பின்றி ஏராளமாகச் செத்தன என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் அங்கே போய்விடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே புதிய குதிரை விற்கலாம்! இதைப் போன்ற அனுபவங்களால்தான் காப்புறுதிக்காரர் நட்டத்தில் ஒரு பங்கை உரிமையாளரே தாங்க வேண்டும் என்கிறார். தடுப்பூசி போட்டீர்களா, வைத்தியரை அழைத்தீர்களா என்று கேட்பதும் அதனால்தான். சந்தேகம் நம்மீது மட்டும் அல்ல, அது இந்தத் தொழிலோடு பிறந்தது.

அறுக்கும் முன் ஓர் அழைப்பு

இப்போது தாத்தாவின் மாட்டுக்கு வருவோம். செத்த பிராணியின் இறைச்சி நமக்கு ஹலால் இல்லை. ஆகவே பிழைக்காது என்று தெரிந்தால் அறுத்துவிடுவது நமது வழக்கம். காப்புறுதிக்காரரின் கண்ணில் அது உரிமையாளர் தன் கையால் செய்த காரியம். இந்த இடத்தில்தான் நமது ஆட்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் அல்ல. பிரித்தானியாவில் பந்தயத்துக்கும் சவாரிக்கும் குதிரை வளர்ப்பவர்கள் கால் முறிந்த குதிரையை வேதனை தாங்காமல் கொல்ல வேண்டி வருகிறது. அங்கேயும் காப்புறுதி நிறுவனத்தின் சம்மதம் முதலில் வேண்டும். ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாத நிலை என்று மிருக வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மாத்திரம் விதிவிலக்கு. அவசரத்தில் தாமே முடிவெடுத்தவர்கள் நட்டஈடு கேட்டு நிற்கும்போது சங்கடப்படுகிறார்கள். வீட்டு நாய்க்குக் காப்புறுதி எடுத்தவர்களுக்கு வேறொரு சங்கடம். பொலிஸி எடுக்கும் முன்பே நாய்க்கு அந்த வருத்தம் இருந்ததாக வைத்தியரின் பதிவில் ஒரு வரி இருந்தால் அந்த வருத்தத்துக்குக் காசு இல்லை.

எனவே அறுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுக்கும் முன் மிருக வைத்தியருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஓர் அழைப்பு எடுங்கள் என்கிறேன். வைத்தியர் வர முடியாவிட்டால் அவரிடம் பேசிய நேரத்தைக் குறித்து வையுங்கள். மாடு கிடக்கும் நிலையைத் தொலைபேசியில் படமெடுங்கள், காதுப்பட்டியின் இலக்கம் தெரியும்படி. பட்டியைக் காதோடு வெட்டி எடுத்து வையுங்கள். இறைச்சியை வைத்தியர் பார்க்காமல் விற்கவோ பங்கிடவோ வேண்டாம். நோயுற்ற மாட்டின் இறைச்சி மற்றவரின் உயிரோடு விளையாடுவதாகும். அன்று இரவு நான் அதையும் யோசிக்கவில்லை. இறைச்சியால் வருமானம் வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். நட்டஈட்டில் அது கழிக்கப்படலாம், ஆனால் மறைத்தது தெரிந்தால் முழுவதும் போய்விடும்.

பன்னிரண்டு ஆடும் பத்துப் பட்டியும்

எல்லாக் கதையும் நட்டக் கதை அல்ல. மதுரங்குளிப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் நண்பர் ஒருவருடைய பட்டிக்குள் இரவில் தெரு நாய்கள் புகுந்து 12 ஆடுகளைக் கடித்துக் கொன்றன. மனுசன் அழுதுகொண்டே வேலை பார்த்தார். ஓர் ஆட்டையும் நகர்த்தவில்லை. அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கும் காப்புறுதிக் கிளைக்கும் காலையிலேயே அறிவித்தார். வைத்தியர் வந்து பார்த்து அறிக்கை எழுதிய பிறகே புதைத்தார்.

பன்னிரண்டில் இரண்டு ஆட்டின் பட்டி முன்பே கழன்று விழுந்திருந்தது. பட்டிகள் மேசை லாச்சியில்தான் இருந்தன. விழுந்த அன்றே அறிவித்து மறுபட்டி போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. அவர் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார். பத்து ஆட்டுக்கு நட்டஈடு கிடைத்தது, இரண்டுக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்ததும் அவர் எதிர்பார்த்த தொகை அல்ல. பொலிஸியில் ஆட்டுக்கு ஒரு விலை எழுதியிருந்தார். நிறுவனம் இறந்த நாளின் சந்தை விலையைப் பார்த்தது, பிறகு உரிமையாளர் பங்கைக் கழித்தது. இதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கூடிய விலை எழுதினால் கட்டுப்பணம்தான் கூடும், நட்டஈடு சந்தை விலைக்கு மேல் போகாது. கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்கக் குறைந்த விலை எழுதினால் அந்தக் குறைந்த விலைக்கு மேல் கிடைக்காது. உள்ள விலையை எழுதுங்கள். வருடா வருடம் புதுப்பிக்கும்போது விலையையும் புதுப்பியுங்கள்.

நோய் வந்த பிறகு ஓடாதீர்கள்

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. 2023இல் நமது வடமேல் மாகாணத்திலேயே மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியது. இப்படிப்பட்ட செய்தி வந்த பிறகு காப்புறுதி எடுக்க ஓடுவதில் பயனில்லை. பொலிஸி தொடங்கிய முதல் சில நாட்களில் வரும் நோய்க்குப் பொதுவாகப் பொறுப்பேற்க மாட்டார்கள். இந்தியத் திட்டங்களிலும் இப்படி ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. உங்கள் பொலிஸியில் எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நமது நாட்டில் விவசாயக் காப்புறுதிக்கு 1973இல் சட்டம் வந்தது. 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை அமைந்தது. கால்நடைக்கு என்ன திட்டம் உண்டு என்று முதலில் அங்கே விசாரியுங்கள். வட்டி, சூது கலப்பு பற்றித் தயங்குபவர்கள் தக்காபுல் பற்றி அறிந்திருப்பார்கள். ஜித்தாவின் இஸ்லாமிய பிக்ஹு அகடமி 1985இல் வர்த்தகக் காப்புறுதியை மறுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஏற்றது. இலங்கையில் 1999 முதல் தக்காபுல் அறிமுகமானது. கால்நடைக்கும் திட்டம் இருக்கிறதா என்று கேட்டறிந்து, மார்க்க விடயத்தை உலமாக்களிடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எந்த முறையில் எடுத்தாலும் சாட்சி கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வெட்டி வைத்துக்கொள்ள வேண்டியவை

1. பொலிஸியை எடுக்கும் நாளிலேயே வாசியுங்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் கேட்டு வாங்குங்கள். எதற்குக் காசு இல்லை என்ற பகுதியை முதலில் வாசியுங்கள்.

2. மாட்டின் உரிமைச் சீட்டு, வாங்கிய பற்றுச்சீட்டு, தடுப்பூசி அட்டை, பட்டி இலக்கம் தெரியும் படம் ஆகிய நான்கும் ஒரே உறையில் இருக்கட்டும்.

3. முன்பிருந்த வருத்தத்தை மறைக்காதீர்கள். முகவர் "அதை எழுத வேண்டாம்" என்றாலும் எழுதுங்கள். பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், முகவர் அல்ல.

4. பட்டி விழுந்தால் அன்றே எழுத்தில் அறிவித்து மறுபட்டி போடுங்கள்.

5. வருத்தம் கண்டவுடன் வைத்தியரை அழையுங்கள், துண்டை வாங்கி வையுங்கள். இறந்தால் உடனே அறிவியுங்கள். பரிசோதனைக்கு முன் புதைக்காதீர்கள்.

6. கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி எடுத்து, திகதியும் கையொப்பமும் வாங்குங்கள்.

7. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் மேலிடத்துக்கு எழுதுங்கள். தனியார் நிறுவனமாக இருந்து, அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் வைக்கப் பழகியவர்கள் நாம். நட்டஈடு என்பது மாடு செத்த பிறகு கிடைக்கும் தயவல்ல. மாடு உயிரோடு நிற்கும்போதே நாம் சேர்த்து வைக்கும் சாட்சியின் பலன்.

தாத்தா இப்போது வேறு மாடு வளர்க்கிறார். மாட்டுக் கொட்டிலின் தூணில் மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கமும் காப்புறுதிக் கிளையின் இலக்கமும் மச்சானின் கையெழுத்தில் சுண்ணாம்பால் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே காதுப்பட்டி இலக்கம். என் இலக்கம் அங்கே இல்லை. அதுவும் சரிதான்.