மூக்கை அளந்தவர்களும் கணக்கைச் சரிபார்த்தவர்களும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

மெட்ராலஜி லேபில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தவுடன் நாம் முதலில் செய்வது என்ன? தாடைகளை மூடி ஜீரோ எரர் பார்ப்பது. பார்க்காமல் எடுத்த ரீடிங்கை ரெக்கார்டு நோட்டில் எழுதினால் சார் சிவப்பு மையால் அடித்து விடுவார். இதே மாதிரி காலிப்பரை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார்கள். அளந்துவிட்டு, நீ இன்ன இனம், நீ உயர்ந்தவன், நீ கலப்பு என்று புத்தகத்தில் ஏற்றினார்கள். அந்தப் பழைய ஆராய்ச்சிகளை இன்றைக்கு நம்பலாமா கூடாதா என்பதுதான் என் கேள்வி.

பழசு என்றாலே குப்பை என்பது ஒரு கட்சி. வெள்ளைக்காரன் அந்தக் காலத்திலேயே அளந்து எழுதி வைத்துவிட்டான், தப்பாகவா இருக்கும் என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே சோம்பேறிக் கட்சி என்பது என் அபிப்பிராயம். எனக்கு இந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். புதுப் புத்தகத்துக்கு வசதியில்லாமல் பிளாட்பாரக் கடையில் பழைய எடிஷன் வாங்கிப் படிப்பவன். அதில் எந்தப் பக்கம் செல்லும், எது செல்லாது என்று தினமும் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி வங்காளத்தில் பல சாதியினரை அளந்து 1891இல் அளவுகளை வெளியிட்டார். மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீடு. 70க்குக் கீழே என்றால் கூர் மூக்கு, 85க்கு மேலே என்றால் அகல மூக்கு, நடுவில் இருந்தால் நடுத்தரம். சாதி உயர உயர மூக்கின் அகலம் குறைகிறது என்று ரிஸ்லி முடிவு கட்டினார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவர்தான் கமிஷனர். ஆகவே அந்த எண்ணம் சர்க்கார் புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

நமக்கு இது கோ, நோ-கோ கேஜ் மாதிரி தோன்றும். ஆனால் ஷாஃப்டுக்கு ட்ராயிங் உண்டு, டாலரன்ஸ் உண்டு. மனிதனுக்கு ட்ராயிங் போட்டது யார்?

நம்ம சென்னையிலும் இது நடந்தது. எழும்பூர் மியூசியத்தின் சூப்பரின்டென்டென்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் தமிழ் மக்களையும் மலைவாழ் மக்களையும் அளந்தார். சென்னை, மலபார் பகுதி யுரேசியர்களையும் அளந்து 1898இல் மியூசியம் புல்லட்டினில் எழுதினார். யுரேசியர் என்றால் பிற்பாடு ஆங்கிலோ இந்தியர் என்று ஆனவர்கள். நம் ஜனங்கள் வாயில் அவர்கள் 'சட்டைக்காரர்கள்'. பெரம்பூர், பொன்மலை ரயில்வே காலனிகளில் பழகியவர்களுக்குத் தெரியும். அப்பா ஒரு ஜாதி, அம்மா ஒரு ஜாதி, இவன் யார் என்று தெருவில் கேட்ட கேள்வியையே மியூசியத்தில் காலிப்பர் வைத்துக் கேட்டார்கள்.

இதே கேள்வி கல்கத்தாவில் வேறு விதமாகத் திரும்பியது. விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநர் அன்னன்டேல், கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் அளவுகளைச் சேர்த்து வைத்திருந்தார். 1920இல் நாக்பூரில் நடந்த அறிவியல் மாநாட்டில், இவற்றைக் கணக்குப் போட்டுத் தர முடியுமா என்று ஓர் இயற்பியல் பேராசிரியரைக் கேட்டார். அவர்தான் பி. சி. மகலனோபிஸ். சுமார் 200 ஆண்களின் உயரத்தைப் பற்றி 1922இல் அவருடைய முதல் புள்ளியியல் கட்டுரை வந்தது. அதன்பின் இவர்கள் எந்தச் சாதியினரோடு எவ்வளவு ஒத்துப் போகிறார்கள் என்று பார்ப்பதற்கு ரிஸ்லியின் பழைய அளவுகள் தேவைப்பட்டன.

இங்கேதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம். மகலனோபிஸ் ரிஸ்லியைக் குப்பையில் போடவும் இல்லை, அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. அச்சான அளவுகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார். பிழைகளைக் கண்டுபிடித்தார், திருத்தினார், 1933இல் 'சங்க்யா' இதழில் திருத்திய கணக்கை வெளியிட்டார். அவரால் இது எப்படி முடிந்தது? ரிஸ்லி ஆவரேஜை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை, தனித்தனி ஆளின் ரீடிங்கையும் அச்சிட்டு வைத்திருந்தார். (ரெக்கார்டில் நேராக ரிசல்ட்டை எழுதும் நண்பர்கள் கவனிக்கவும்!)

அதற்கு முந்தைய வருஷமே, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஜி. எஸ். குர்யே ரிஸ்லியின் முடிவை வேறு பக்கத்திலிருந்து உடைத்தார். மூக்குக்கும் சாதி வரிசைக்கும் உள்ள பொருத்தம் ஐக்கிய மாகாணப் பக்கம் ஓரளவு வருகிறது, மற்ற மொழிப் பகுதிகளில் வரவில்லை என்று அந்த அளவுகளைக் கொண்டே காட்டினார். ஆக, ரீடிங் என்பது வேறு, ரீடிங்கிலிருந்து எடுக்கும் முடிவு வேறு. ரீடிங்கைத் திருத்தலாம். எங்கள் பாட்டன் பூட்டன் மாதிரி ஆட்களை அடிவரிசையில் உட்கார வைத்தது ரீடிங் அல்ல, முடிவு.

மகலனோபிஸ் கேட்ட கேள்வியும் அந்தக் காலத்துக் கேள்விதான். இன்றைக்கு ஒருவரும் உயரத்தையும் மூக்கையும் வைத்துச் சாதிக் கலப்பைத் தேட மாட்டார்கள். ஆனால் அதற்காக அவர் உருவாக்கி 1936இல் முழு வடிவம் கொடுத்த 'மகலனோபிஸ் தொலைவு' உயிரோடு இருக்கிறது. பல அளவுகளைச் சேர்த்து இரண்டு கூட்டம் எவ்வளவு விலகி நிற்கிறது என்று அது சொல்லும். உயரமானவனுக்குக் காலும் நீளமாக இருக்கும் அல்லவா? அப்படி ஒட்டி வரும் அளவுகளை இரண்டு தடவை எண்ணாமல் கழித்துக்கொள்வதுதான் அதன் சாமர்த்தியம். இன்று மெஷினின் சூடு, அதிர்வு, சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஓடுகிற மெஷினில் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானின் டகுச்சி தம்முடைய தரக்கட்டுப்பாட்டு முறை ஒன்றில் இதைச் சேர்த்துக்கொண்டார்.

அப்படியானால் கலப்பு யார்? 2009இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். பெரும்பாலான இந்தியக் குழுக்கள் இரண்டு பழைய மக்கள் கூட்டங்களின் கலவை என்று வந்தது. அதில் ஒரு கூட்டத்தின் பங்கு 39 முதல் 71 சதவீதம் வரை. சட்டைக்காரரைக் கலப்பு என்று கேலி செய்தவனும் கலப்புதான்! பத்தே வருஷத்தில், 2019இல், அந்த இரண்டு கூட்டங்களுமே அதற்கு முந்தைய கூட்டங்களின் கலவை என்று இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது. புதிய ஆராய்ச்சிக்கும் ஜீரோ எரர் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் சட்டம் மரபணுவைக் கேட்பதில்லை. அரசியல் சாசனத்தின் 366ஆவது பிரிவில் ஆங்கிலோ இந்தியர் யார் என்று எழுதியிருக்கிறது. தகப்பன் வழியில் ஐரோப்பிய மூதாதை இருக்க வேண்டும், இந்தியாவில் நிலையாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். தாய் வழி கணக்கில் இல்லை. நாடாளுமன்றத்திலும் சட்டசபையிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்து போயின. விளக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஓர் ஆங்கிலோ இந்திய அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு தமிழ்க் குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்டால், அண்ணன் பிள்ளைகள் ஆங்கிலோ இந்தியர், தங்கை பிள்ளைகள் இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் மூக்கு பாட்டியுடையதாகவே இருந்தாலும்.