ஆண்கள் சொல்லத் தயங்கும் ஒரு கட்டி

மார்பில் ஒரு கட்டி தென்பட்டால் மருத்துவமாதுவிடம் சொல்ல வேண்டும் என்பதை எமது தாய்மார் இன்று அறிந்திருக்கிறார்கள். கிளினிக்குகளில் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி அது பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் விதைப்பையில் ஒரு கட்டி தென்பட்டால் எமது ஆண்கள் யாரிடம் சொல்கிறார்கள்? பலர் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பீலியில் குளிக்கும்போது கூட்டாளி யாராவது கவனித்துவிட்டால், "என்ன மச்சான், ஓதமா?" என்று ஒரு சிரிப்பு. அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தப் பாடத்தில் அந்தப் பேச்சை நாம் சற்று நீட்டிப் பார்ப்போம்.

நிவித்திகல தோட்டங்களில் வாழும் குடும்பங்களையும், இரத்தினபுரி மாவட்டத்தில் 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் ஏற்பட்டவை போன்ற வெள்ளங்களாலும் மண்சரிவுகளாலும் வீடு வாசல், மரக்கறித் தோட்டம் எல்லாவற்றையும் விட்டு வேறிடம் வந்து குடியேறிய குடும்பங்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். வேறு மாவட்டங்களில் இடம்பெயர்ந்து வாழ்வோருக்கும் இது பொருந்தும். பெண்களும் வாசிக்க வேண்டும். மகனையும் கணவனையும் வைத்தியசாலைக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே.

அரிதான நோய், ஆனால் இளவயது நோய்

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்வோம். விதைப் புற்றுநோய் எமது நாட்டில் அரிதானது. டென்மார்க், நோர்வே போன்ற நாடுகளில் 100,000 ஆண்களுக்கு ஆண்டொன்றில் சுமார் 10 பேரை இது பீடிக்கிறது. தெற்காசிய நாடுகளில் அது ஒருவருக்கும் குறைவு. எமது நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதற்குப் பெருங்காரணம். அது தனியாகப் படிக்க வேண்டிய பாடம்.

அப்படியானால் அரிதான நோயைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? இந்த நோய் பெரும்பாலும் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்களையே தாக்குகிறது. பால் வெட்டப் போகிறவன், மாணிக்கக் குழியில் இறங்குகிறவன், புதிதாகக் கலியாணம் செய்தவன், கைக்குழந்தையின் தகப்பன் ஆகியோரின் வயது அது. இன்னொரு காரணமும் உண்டு. புற்றுநோய்களில் மிக நன்றாகக் குணமாவது இதுவே. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 74,000 பேருக்கு இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் 9,000 பேருக்குச் சற்று அதிகம். விதைக்குள்ளேயே கட்டி நிற்கும் காலத்தில் வந்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு நோயினால் எமது பிள்ளை ஒருவன் இறந்தால், பெரும்பாலும் வெட்கமும் தாமதமுமே அவனைக் கொண்டுபோகின்றன என்பது எமது கருத்து.

கை தொட்டுப் பார்த்தால் என்ன தெரியும்?

ஆரோக்கியமான விதை, அவித்து உரித்த முட்டையைப் போல வழுவழுப்பாகவும் ஓரளவு உறுதியாகவும் இருக்கும். ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம். பெரும்பாலும் இடப்பக்க விதை கொஞ்சம் தாழ்ந்து தொங்கும். இவை நோய் அல்ல. விதையின் பின்பக்கத்தில் மெதுவான கயிறு போல ஒன்று தட்டுப்படும். அது விந்து செல்லும் குழாய்ப் பகுதி. முதன்முறை தொடுகிற பலர் அதையே கட்டி என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள்.

குளிர் நீரில் நனைந்தால் பை சுருங்கி இறுகிவிடும். எனவே அதிகாலைப் பீலிக் குளியல் இதற்கு ஏற்ற நேரம் அல்ல. வெந்நீரில் குளித்த பின், அல்லது இரவில் போர்வைக்குள் உடல் சூடாக இருக்கும்போது பை தளர்ந்திருக்கும். லயத்துக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் இடத்தில், அல்லது பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துத் தங்கியிருக்கும் நாட்களில், மறைவிடம் எங்கே என்று கேட்பீர்கள். சாரத்துக்குள் செய்யக்கூடிய வேலைதான் இது. கண்ணாடியும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். ஒரு விதையை இரண்டு கை விரல்களுக்கும் பெருவிரல்களுக்கும் இடையில் வைத்து மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டும். பிறகு மற்றது. விதைநெல்லில் பதரைத் தடவியே பிரித்தெடுக்கும் விரலுக்கு இது பெரிய வித்தை அல்ல.

மாதந்தோறும் நாள் குறித்துத் தேட வேண்டும் என்று எல்லா வைத்தியர்களும் சொல்வதில்லை. நோய் அரிதாக இருப்பதால், வீண் பயமும் வீண் பரிசோதனையும் கூடிவிடும் என்று சொல்வோரும் உண்டு. நாமும் நாட்காட்டியில் குறிக்கச் சொல்லவில்லை. தன் உடம்பின் இயல்பு எது என்று ஒருவன் அறிந்திருந்தால், இயல்பு மாறும்போது அவனுக்குத் தெரிந்துவிடும்.

மாற்றம் என்றால் என்ன? விதையின் மேலோ உள்ளேயோ வலியில்லாத ஒரு கடினமான கட்டி. அது மிளகு அளவாகவும் இருக்கலாம், கடலை அளவாகவும் இருக்கலாம். ஒரு விதை முழுவதும் பெருத்து இறுகுவதும், பையில் இனந்தெரியாத பாரமும், அடிவயிற்றிலோ தொடையிடுக்கிலோ மந்தமான நோவும் இதில் சேரும். வலி இல்லை என்பதே இங்கு பெரிய ஏமாற்று. வலித்தால் நாம் டிஸ்பென்சரிக்குப் போவோம். வலிக்காததற்காக ஒரு நாள் பேரை இழக்க யாருக்கு மனம் வரும்? சிலருக்கு மார்புக் காம்பு வீங்கித் தொட்டால் நோகும். நோய் பரவிய பிறகு இடுப்புக்கு மேலே முதுகுவலி, விடாத இருமல், மூச்சு முட்டல் ஆகியவை வரக்கூடும். முதுகுவலி கொழுந்து மூட்டை தூக்கியதால் வந்தது என்றே எண்ணத் தோன்றும். அதனால் இளவயது ஆண் ஒருவருக்கு முதுகுவலி தொடர்ந்து இருந்தால், கீழேயும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லா வீக்கமும் புற்றுநோய் அல்ல

பையில் காணும் வீக்கங்களில் பெரும்பகுதி வேறு காரணங்களால் வருபவை. ஓதம் என்று நாம் சொல்வது விதையைச் சுற்றி நீர் கோர்ப்பது. வைத்தியர் இருட்டில் டோர்ச் வெளிச்சம் பிடித்தால் நீர் வழியாக ஒளி ஊடுருவும், திடமான கட்டி வழியாக ஊடுருவாது. ஆனால் இதை வீட்டில் செய்து பார்த்து "நீர்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. புற்றுக் கட்டியைச் சுற்றியும் நீர் கோர்ப்பதுண்டு. பாரம் தூக்குகிறவர்களுக்கு வரும் குடலிறக்கம் படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே தள்ளும். அதுவும் வைத்தியரிடம் காட்ட வேண்டியதே.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுவனுக்கோ வாலிபனுக்கோ திடீரென ஒரு பக்கத்தில் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அது புற்றுநோய் அல்ல. ஆனாலும் சுமார் ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விதை செத்துப்போகும். நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஓட்டோ பிடித்தாவது சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பந்து பட்டதாலோ, சைக்கிள் ஓட்டியதாலோ, உடம்புச் சூட்டினாலோ, செய்த பாவத்தாலோ விதைப் புற்றுநோய் வருவதில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சையும் காரணம் அல்ல. மனைவிக்கோ பிள்ளைக்கோ இது தொற்றவும் மாட்டாது. அடிபட்ட இடத்தைத் தடவும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்படுவதால், அடியே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள்.

வைத்தியசாலையில் நடப்பது

கட்டி தெரிந்த வாரத்திலேயே போக வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லலாம், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு நேரேயும் போகலாம். அங்கிருந்து துண்டு எழுதி இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். "கீழே ஒரு கட்டி இருக்கிறது ஐயா" என்ற ஒரு வாக்கியம் போதும். சிங்களம் சரியாக வராதவர்கள் அதை ஒரு தாளில் எழுதுவித்துக் கையில் கொண்டுபோகலாம். வரிசையில் பலர் முன்னிலையில் உரக்கச் சொல்லவும் வேண்டியிராது.

முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். அதில் வலி கிடையாது. இரத்தத்தில் சில பொருட்களின் அளவைப் பார்ப்பார்கள். அவற்றில் ஒன்று, பெண்கள் கர்ப்பமா என்று அறியச் சிறுநீரில் தேடும் அதே பொருள். ஆணின் இரத்தத்தில் அது கூடியிருந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க இடமுண்டு. புற்றுநோய் என்ற சந்தேகம் வலுத்தால் தொடையிடுக்கின் வழியாகக் கீறி அந்த விதையை எடுத்துவிடுவார்கள். பையைக் கீறுவதில்லை, ஊசி குத்திச் சதை எடுப்பதும் இல்லை. அப்படிச் செய்தால் நோய் வேறு வழியில் பரவ இடமாகும். ஆகையால் நாட்டு வைத்தியர் யாராவது கீறிவிடுகிறேன் என்றாலோ, சூடு வைக்கிறேன் என்றாலோ இடம் கொடுக்கக் கூடாது. பத்துப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதும் ஆபத்து.

சிலருக்கு அந்தச் சத்திரசிகிச்சையோடு காரியம் முடிந்துவிடும். நோய் பரவியிருந்தால் மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை போன்ற இடங்களில் மருந்து ஏற்றுவார்கள். இரத்தினபுரியிலிருந்து ஹைலெவல் வீதியால் கொழும்பு போகும் பஸ் மகரகமவைக் கடந்தே செல்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. பஸ் காசும், கூட இருப்பவரின் சாப்பாடும், இழந்த நாட்சம்பளமும்தான் குடும்பத்தின் பாரம். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று என்று பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சுற்று மருந்து ஏறும். முடி கொட்டும், வாந்தி வரும், காதில் இரைச்சல் கேட்கலாம். முடி மறுபடி வளரும். சங்கங்கள் கைமாற்றுக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேறென்ன?

அந்த மருந்தின் கதை

இரத்தினபுரியில் மண்ணுக்குள் மாணிக்கம் தேடுகிறவர்களுக்கு இந்த மருந்தின் கதை பிடிக்கும். இதன் பெயர் சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் என்ற விலையுயர்ந்த உலோகத்திலிருந்து செய்யப்படுவது. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி, மின்சாரம் நுண்ணுயிர்களை என்ன செய்கிறது என்று பார்க்கப் பிளாட்டினக் கம்பிகளைப் பயன்படுத்தினார். நுண்ணுயிர்கள் பெருகாமல் நின்றுவிட்டன. அதைச் செய்தது மின்சாரம் அல்ல, கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்பதை அவர் கண்டுபிடித்தார். பெருகுவதை நிறுத்தும் பொருள் புற்றுக்கும் உதவும் அல்லவா?

1974இல் இன்டியானாவில் லோரன்ஸ் ஐன்ஹோர்ன் என்ற இளம் வைத்தியர் இதை வேறு இரு மருந்துகளோடு சேர்த்து, நோய் நுரையீரல்வரை பரவியிருந்த ஜோன் கிளேலண்ட் என்ற மாணவனுக்குக் கொடுத்தார். அக்காலத்தில் அந்த நிலையில் உள்ளவர்களில் பத்தில் ஒருவர் தப்புவதே அரிது. கிளேலண்டின் கட்டிகள் கரைந்தன. பின்னர் அவர் ஆசிரியராக வேலை செய்து பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். இன்று பரவிய நிலையில் வருகிறவர்களிலும் பத்தில் எட்டுப் பேர் அளவில் குணமடைகிறார்கள்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இன்னொருவரைத் தெரியும். 2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பாயில் இலங்கையைத் தோற்கடித்த இந்திய அணியில் ஆடி, அந்த உலகக் கிண்ணத் தொடரின் சிறந்த வீரராகத் தெரிவான யுவராஜ் சிங். அந்தத் தொடர் நடக்கும்போதே அவருக்கு இருமலும் வாந்தியும் இருந்தன. பின்னர் இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் கட்டி இருப்பது தெரியவந்தது. அது விதையில் வந்த கட்டி அல்ல. ஆனால் விதையில் புற்றாக மாறும் அதே வகை உயிரணு, கரு வளரும் காலத்தில் நெஞ்சில் தங்கிவிட்டால் அங்கேயும் இந்த நோய் வரும். 2012இல் அவருக்கு அமெரிக்காவில் மருந்து ஏற்றப்பட்டது. பார்த்த வைத்தியர்களில் அதே ஐன்ஹோர்னும் ஒருவர். அவ்வாண்டு செப்டெம்பரில் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்துக்காக இலங்கைக்கு வந்து கொழும்பு மைதானத்தில் யுவராஜ் ஆடினார். பணமுள்ளவர் அமெரிக்கா போனார் என்பது உண்மைதான். இருந்தாலும் அவருக்கு ஏறிய மருந்து மகரகமவிலும் உண்டு.

ஆண் குழந்தைகளின் தாய்மாருக்கு

குழந்தை வயிற்றிலிருக்கும்போது விதைகள் அதன் அடிவயிற்றிலிருந்து பைக்குள் இறங்குகின்றன. சில குழந்தைகளுக்கு ஒன்று இறங்காமல் நின்றுவிடும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கும். இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்து இறக்கிவிடுவது நல்லது. பின்னாளில் இந்தப் புற்றுநோய் வருவதற்கு அறியப்பட்ட காரணங்களில் இது முக்கியமானது. சுவீடனில் ஏறத்தாழ 17,000 ஆண்களைத் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, 13 வயதுக்கு முன் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு ஆபத்து மற்ற ஆண்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு, அதற்குப் பின் செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இங்கேதான் நழுவிவிடுகின்றன. பிறந்தபோது வைத்தியர் பார்த்து, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதியிருப்பார். கிளினிக்குக்குத் திகதியும் கொடுத்திருப்பார். அதற்குள் மண் சரிந்தது, பதிவேடு வெள்ளத்தோடு போனது, குடும்பம் வேறு மருத்துவமாதுவின் பிரிவுக்கு வந்தது. புதியவருக்கு அந்தப் பிள்ளையின் கதை தெரியாது. தாய்க்கும் ஆயிரம் கவலை. பதிவேடு தொலைந்தவர்கள் புதிய இடத்து மருத்துவமாதுவிடம் வேறொன்று எழுதுவித்துக்கொள்ள வேண்டும். குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டும்போது பையில் இரண்டும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்து, இல்லையென்றால் அவரிடமே சொல்லலாம். பிள்ளைக்கு ஐந்து வயதோ எட்டு வயதோ ஆகிவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

ஒரு விதை போன பின்

சொல்லாமல் மறைப்பதற்கு ஆண்களின் மனத்திலுள்ள பெரிய காரணம் இதுதான்: "ஆண்மை போய்விடுமே." மீதமுள்ள ஒரு விதை நன்றாக இருந்தால் மீசை தாடிக்கும் உடல் பலத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் குழந்தை பெறுவதற்கும் அதுவே போதும். மருந்து ஏற்றும் காலத்திலும் பின்பு சில காலத்துக்கும் விந்தணு குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். ஆகையால் பிள்ளை பெற விரும்புகிறவர்கள் மருந்து தொடங்கும் முன்பே வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும். விந்தைக் குளிரூட்டிச் சேமிக்கும் தனியார் நிலையங்கள் கொழும்பில் உண்டு, செலவும் உண்டு. மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பது நல்லது. பாதிக் கேள்வி அவளிடம்தான் இருக்கும்.

சிகிச்சை முடிந்த பின்னும் சில ஆண்டுகள் கிளினிக்குக்குப் போய்வர வேண்டும். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும். அப்போதும் குணப்படுத்தலாம். மற்ற விதையையும் கவனித்து வர வேண்டும். வீடு மாறும்போது, முகாமிலிருந்து புதிய வீட்டுத் திட்டத்துக்குப் போகும்போது, வேலைக்காகக் கொழும்புக்குப் போகும்போது, புதிய விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கிளினிக்கில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் சத்திரசிகிச்சைத் துண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, காணி உறுதியும் அடையாள அட்டையும் வைக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். மழை பெருத்து ஓட வேண்டிய இரவில் முதலில் கைக்கு வருவது அந்தப் பைதான்.