கண்ணுக்குள் கசியும் நீர்: இடையில் நிறுத்தக்கூடாத சிகிச்சை



வயல் வரம்பில் நண்டு வளை இருந்தால் நீர் மெல்லக் கசிந்து அயல் வயலில் தேங்கும். தேங்கிய நீரை இறைத்தால் மட்டும் போதாது. வரம்பையும் அடைக்க வேண்டும். நீரிழிவு நோயாளரின் கண்ணிலும் இதுவே நடக்கிறது.

விழித்திரையின் நடுப்பகுதி மாகுலா எனப்படும். வாசிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், முகங்களை இனங்காணவும் உதவுவது இதுவே. பல ஆண்டுகளாகக் குருதியில் சீனி கூடியிருந்தால் நுண்ணிய குருதிக் குழாய்கள் பழுதடைந்து நீரைக் கசியவிடும். மாகுலா வீங்கும். எழுத்து மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். வலி இராது. ஆரம்பத்தில் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை மாற்றுவது இதற்குப் பரிகாரம் அன்று.

சிகிச்சை என்ன?

லேசர் சிகிச்சை பார்வை இழப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்பதை 1985 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்று பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படுவது கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து. பெவசிசுமாப், ரனிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்பன அவற்றுட் சில. கண்ணை மரக்கச் செய்து, கிருமி நீக்கி, வெள்ளை விழியினூடாகச் சில நொடிகளில் ஊசி போடுவார்கள்.

ஆனால் ஓர் ஊசியுடன் காரியம் முடியாது. ரனிபிசுமாப் பெற்றவர்களை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், முதலாம் ஆண்டில் 8 அல்லது 9 ஊசிகள் தேவைப்பட்டன. இரண்டாம் ஆண்டில் 2 அல்லது 3. மூன்றாம் ஆண்டில் 1 அல்லது 2. நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் பாதிப்பேருக்கு மேல் ஒன்றோடு நின்றது, அல்லது ஒன்றுமே தேவைப்படவில்லை. கடினமானது முதலாம் ஆண்டுதான். அதைத் தாண்டினால் பாரம் குறைகிறது.

நெடுந்தீவு விவசாயி ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடியப் படகேறிக் குறிகட்டுவான் வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். மூன்று ஊசிகளின் பின் பார்வை தெளிந்ததும், “இனி எதற்கு?” என்று நின்றுவிடத் தோன்றும். அப்படி நின்றால் கசிவு திரும்பலாம். நெடுநாள் வீங்கிய மாகுலா பின்னர் முழுமையாகத் தேறாமலும் போகலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. அடுத்த திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால், மிக அண்மிய நாளிலேயே செல்லுங்கள். படகு நேரத்தைக் கிளினிக்கில் சொல்லி வையுங்கள்.

2. குருதிச் சீனியையும் குருதியமுக்கத்தையும் கட்டுப்படுத்துங்கள். இதுவே வரம்பை அடைக்கும் வேலை. இரண்டும் கண்ணைக் காக்கும் என்பதை 1998 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது.

3. மாரடைப்போ பாரிசவாதமோ வந்திருந்தால் ஊசிக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

4. ஊசி போட்ட பின் வலியும் சிவப்பும் கூடினால், அல்லது பார்வை குறைந்தால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

5. கிளினிக் கொப்பியை அடையாள அட்டையுடன் வையுங்கள். 1990 இலும் 1995 இலும் கையில் அகப்பட்டதுடன் ஓடியவர்கள் நாம். கொப்பி தொலைந்தால் சிகிச்சையின் வரலாறும் தொலைகிறது.

கலந்துரையாட

நம் ஊரில் சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்கள் உண்டா? தடை பயணமா, கூலியா, துணையின்மையா? ஒருவர் கிளினிக் செல்லும் நாளில் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க அயலவர் முன்வரலாமா?