சிறுநீரகத் தழும்பும் ஸ்கேன் பரிசோதனையும்



"ஸ்கேன் எடுத்தாச்சு, கிட்னி நல்லா இருக்குன்னுட்டாங்க. இன்னும் எதுக்கு ரத்த டெஸ்ட்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். அதற்கான பதில்தான் இந்த மாதப் பாடம்.

தழும்பு என்றால் என்ன?

அரிவாள் வெட்டு ஆறினாலும் தழும்பு நிற்கும். அந்த இடத்தில் முடி முளைக்காது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சிறுநீரகத்துக்குள்ளும் இப்படித் தழும்பு விழும். அந்தப் பகுதி ரத்தத்தைச் சுத்தம் செய்யாது. ஆரம்பத்தில் வலியே தெரியாது.

எப்படிப் பார்க்கிறார்கள்?

ஊசி மூலம் சிறு துணுக்கு சதை எடுத்துப் பார்ப்பது பயாப்சி. தழும்பை நேராகக் காட்டுவது இதுதான். ஆனால் ரத்தக் கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி செய்ய முடியாது.

ஜெல் தடவி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது, ஒலி அலைதான். பெரியவர்களின் சிறுநீரகம் சுமார் 9 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும். நோய் முற்றினால் பலருக்கு அது சுருங்கும். படத்தில் வெளுத்துத் தெரியும். உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் எலாஸ்டோகிராபி, எம்.ஆர்.ஐ. முறைகளை உலகெங்கும் ஆராய்ந்து வருகிறார்கள். பயாப்சிக்குப் பதிலாக அவை இன்னும் வரவில்லை.

கவனம் தேவை

ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகும் அளவு குறையாமல் இருக்கலாம். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய இரண்டும்தான் முன்கூட்டியே சொல்லும். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் புரதம் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. கேட்டுப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருந்தால் வருடம் ஒருமுறையாவது இரண்டு பரிசோதனையும் செய்யுங்கள்.

2. எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே பையில் வையுங்கள். பழையதோடு ஒப்பிட்டால்தான் நோய் கூடுகிறதா என்று டாக்டருக்குத் தெரியும்.

3. பூப்பறிக்கும் வேலையோ மில் வேலையோ, உடம்பு வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து விழுங்காதீர்கள்.

விழுந்த தழும்பை மாத்திரையால் அழிக்க முடியாது. மிச்சமிருக்கிற நல்ல பகுதியைக் காப்பாற்றலாம். அதற்குச் சீக்கிரம் தெரிய வேண்டும்.

குழுவில் பேசுங்கள்: நம் குழுவில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் எத்தனை பேர்? அவர்களில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தவர்கள் எத்தனை பேர்?