பழைய பயிர்க்கடன் பாக்கியும் புதிய கடனும்

கொல்லிமலையில் மரவள்ளிக் கிழங்கு தோண்டி, மிளகு காய வைக்கும் காலமே விவசாயிகளின் கையில் பணம் புரளும் காலம். அடுத்த நடவுக்குக் கடன் தேடும் காலமும் அதுவே. திண்ணனூர் நாட்டில் நடக்கும் விவசாயிகள் கூட்டங்களில் உரம், பூச்சி, விலை பற்றிய கேள்விகள் எல்லார் முன்னிலையிலும் வரும். கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் தனியே வந்து, "ஐயா, பேங்கிலே பழைய பாக்கி ஒண்ணு நிக்குது. மறுபடி கேட்டாத் தருவாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். பலருக்கும் உள்ள இந்தக் கேள்விக்கு இங்கே விடை காண்போம்.

பாக்கியால் வரும் நட்டம்

முதலில் கணக்கைப் பார்ப்போம். 50,000 ரூபாய் பயிர்க்கடனை விவசாயக் கடன் அட்டை மூலம் வங்கியில் வாங்கினால் ஆண்டு வட்டி 7 சதம், அதாவது 3,500 ரூபாய். கெடுவுக்குள் கட்டினால் 3 சதம் சலுகை கிடைத்து வட்டி 2,000 ரூபாயாகக் குறையும். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. கெடு தாண்டினால் இந்தச் சலுகை போய்விடும்.

பாக்கிதாரருக்கு வங்கிக் கதவு அடைபட்டால் அவர் போகும் இடம் வெளிக்கடன். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் அதே 50,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 18,000 ரூபாய். கிழங்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினாலோ, விலை பேசும் உரிமையும் கை நழுவிப் போகும். ஆகவே பழைய பாக்கியின் உண்மையான நட்டம் அந்தப் பாக்கித் தொகை அன்று. குறைந்த வட்டிக் கடனை இழப்பதே ஆகும்.

எப்போது வாராக்கடன்?

கெடு தாண்டிய மறுநாளே பயிர்க்கடன் வாராக்கடன் ஆகிவிடாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, குறுகிய காலப் பயிருக்குக் கெடுவுக்குப் பின் இரண்டு பயிர்ப் பருவங்களும், ஓராண்டுக்கு மேற்பட்ட நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவமும் கழிந்தால்தான் வாராக்கடன் என எழுதப்படும். வண்டிக்கும் கைபேசிக்கும் வாங்கிய தவணைக் கடன்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 90 நாள் பாக்கி நின்றாலே அவை வாராக்கடன். கைபேசித் தவணையில் விட்ட சில ஆயிரம் ரூபாய் பயிர்க்கடனுக்குக் குறுக்கே நிற்பது இதனால்தான்.

கடன் வரலாறு என்னும் ஏடு

'சிபில் பார்க்கிறோம்' என்று வங்கியில் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் நாம் வாங்கிய கடன், கட்டிய தேதி, விட்ட தவணை அனைத்தையும் பதிந்து வைக்கின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. ஒரு வங்கியில் உள்ள பாக்கி இன்னொரு வங்கிக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம். பிணைக் கையெழுத்துப் போட்டவரின் வரலாற்றிலும் அந்தப் பாக்கி ஏறக்கூடும்.

ஒவ்வொரு நிறுவனத்திலும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். நாமே கேட்டுப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. வீட்டில் படித்த பிள்ளைகளைக் கொண்டு கைபேசியில் எடுத்துப் பாருங்கள்; ரகசிய எண்ணை வெளியாரிடம் சொல்லாதீர்கள். கட்டி முடித்த கடன் பாக்கியாகக் காட்டப்பட்டிருந்தால் ரசீதுடன் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற உரிமை உண்டு.

கெடு வருமுன்

1. கடன் வாங்கும்போதே கெடுத் தேதியைக் கவனியுங்கள். மலையில் மரவள்ளி ஏறக்குறைய ஓராண்டு நிலத்தில் நிற்கும். கிழங்கு விற்கும் மாதத்திற்கு முன்பே கெடு விழுந்தால் நல்ல விவசாயியும் பாக்கிதாரர் ஆவார். எந்தப் பயிர், எந்த மாதம் விற்பனை என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

2. மழை பொய்த்தோ காற்றடித்தோ பயிர் சேதமானால், கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலரிடமும் சேதத்தைப் பதிவு செய்யுங்கள். அரசு இயற்கைச் சேதம் என அறிவிக்கும் பகுதியில் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தர வழி உண்டு. கெடு முடியுமுன் எழுத்து மூலம் கேட்பது முக்கியம்.

கெடு தாண்டியவர்களுக்கு

1. வங்கிக்கோ சங்கத்திற்கோ நேரில் சென்று அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கணக்கு நகல் வாங்குங்கள். அறிவிப்புக் கடிதத்தைக் கூரையில் செருகி வைப்பதால் கடன் மறையாது, வட்டிதான் வளரும்.

2. முழுவதும் கட்ட முடியுமானால் முழுவதும் கட்டி முடிப்பதே நல்லது.

3. முடியாதவர் ஒரே தவணைத் தீர்வு கேட்கலாம். வட்டியில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுக்கும். ஆனால் கடன் வரலாற்றில் அது 'முழுவதும் கட்டியது' என்று இராமல் 'சமரசத் தீர்வு' என்றே நிற்கும். இப்படித் தீர்த்தவருக்கு எத்தனை மாதம் கழித்துப் புதுக்கடன் தரலாம் என்பதை, விவசாயக் கடனைப் பொறுத்தவரை, அந்தந்த வங்கியே முடிவு செய்து கொள்ள 2023-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஆகவே கையெழுத்துப் போடுமுன், "அடுத்த கடன் எப்போது கிடைக்கும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

4. மக்கள் நீதிமன்றத்திலும் தீர்க்கலாம். கட்டணம் இல்லை. அங்கு செய்த தீர்வே முடிவானது, மேல்முறையீடு கிடையாது. கட்ட முடிந்த தொகைக்கு மட்டுமே ஒப்புக்கொள்ளுங்கள்.

5. கட்டி முடித்ததும் 'நோ டியூ' சான்று பெற்றுப் பட்டா, ரேஷன் அட்டையுடன் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையில் திருத்தம் ஏறியுள்ளதா என்று பாருங்கள்.

தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா?

2008-இல் மத்திய அரசு நாடு முழுவதும் கடன் தள்ளுபடி செய்தது. அதன்பின் அத்தகைய தள்ளுபடியை மத்திய அரசு அளிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2016-இல் சிறு, குறு விவசாயிகளின் 5,780 கோடி ரூபாயும், 2021-இல் 12,110 கோடி ரூபாயும் தள்ளுபடி ஆயின. இவ்விரண்டும் கூட்டுறவுக் கடன்களுக்கு மட்டுமே. தேசிய வங்கிக் கடனுக்கு அல்ல. 2016-இல் மார்ச் 31, 2021-இல் ஜனவரி 31 என்று கணக்குத் தேதியும் இருந்தது. அடுத்தது எப்போது, யாருக்கு என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதை நம்பி நான்கு போகம் வெளிவட்டிக்கு உழைத்தவர், தள்ளுபடியே வந்தாலும் அதைவிட அதிகமாக வட்டியில் இழந்திருப்பார்.

கடனில் விழுவது குற்றமன்று. மழையும் விலையும் நம் கையில் இல்லை. மிளகுக் கொடி வாடினால் வேரைத் தோண்டிப் பார்க்கத் தயங்காத நாம், கடன் கணக்கைத் திறந்து பார்க்க மட்டும் ஏன் தயங்க வேண்டும்? இந்தப் பருவத்தில் கிழங்கு விற்ற பணம் கைக்கு வந்ததும், மற்றச் செலவுக்கு முன் சங்கத்திற்கோ வங்கிக்கோ ஒரு நடை போய் வாருங்கள். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி ரசீது பெற்று, மீதிக்கு வழி கேளுங்கள். அடுத்த நடவுக்கான குறைந்த வட்டிக் கடனுக்கு அதுவே முதற்படி.